வீட்டுத் தோட்டத்தில் ஆர்க்கிட் மலர்கள்: வளர்க்கும் முறையும் சேகரிக்கும் நெறியும்

நம் கிராமங்களில் பூச்செடி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. கிணற்றடியில் கனகாம்பரமும், வேலியோரத்தில் செம்பருத்தியும், பந்தலில் முல்லையும் தொன்றுதொட்டு வளர்ந்து வருகின்றன. அண்மைக் காலத்தில் இவற்றோடு ஆர்க்கிட் என்னும் மலர்ச்செடியையும் வளர்க்க வேண்டும் என்ற ஆர்வம் நகரத்தில் மட்டுமின்றிக் கிராமங்களிலும் தோன்றியிருக்கிறது. திருமண மேடைகளை அணி செய்யும் ஊதா நிற மலர்க்கொத்துகளைக் கண்ட மகளிர் பலர், இதனை நம் வீட்டிலும் வளர்க்க இயலுமா என்று நம்மிடம் வினவுகின்றனர்.

இச்செடியைக் குறித்து மூன்று தவறான எண்ணங்கள் மக்களிடையே உலவுகின்றன. இது குளிர்ந்த மலைநாட்டுச் செடியாதலால் நம் வெப்பத்தில் வாழாது என்பது ஒன்று. தான் பற்றியுள்ள மரத்தின் சாற்றை உறிஞ்சி அதனை அழிக்கும் என்பது மற்றொன்று. காட்டில் தானே வளர்ந்து கிடப்பதால் யார் வேண்டுமாயினும் பறித்து வந்து வளர்க்கலாம் என்பது மூன்றாவது. இம்மூன்றும் பிழையானவை. முதல் எண்ணத்தால் நாம் ஒரு நல்ல மலரை இழக்கிறோம். இரண்டாவதால் நம் ஊர் மரங்களிலுள்ள செடிகளை நாமே வெட்டி எறிகிறோம். மூன்றாவதால் காடு வறுமையடைகிறது. ஆகவே உண்மை நிலையைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் குடியானவர்களும் அறிந்துகொள்வது நலம்.

ஆர்க்கிட் என்பது யாது?

ஆர்க்கிட் என்பது ஒரு தனிச் செடியின் பெயரன்று. ஒரு பெருங் குடும்பத்தின் பெயராகும். உலகில் ஏறத்தாழ 28,000 இனங்கள் இக்குடும்பத்தில் உள்ளன. நம் நாட்டில் மட்டும் 1,200-க்கு மேற்பட்ட இனங்கள் வளர்கின்றன. இவற்றுட் சில நிலத்தில் வேர்விட்டு வளர்பவை; பல, மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு காற்றிலே வேர்களைத் தொங்கவிட்டு வாழ்பவை. பின்னர்க் கூறியவற்றைத் தொற்றுச் செடிகள் என்பர்.

தொற்றுச் செடியின் வேர் தனிச் சிறப்புடையது. அதன் மேல் வெண்ணிறமான, பஞ்சு போன்ற ஓர் உறை உண்டு. மழை பெய்யும்போதும் பனி இறங்கும்போதும் அவ்வுறை நீரை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. உலர்ந்திருக்கையில் வெள்ளி போல் தோன்றும் வேர், நனைந்தவுடன் பச்சை நிறமாக மாறுவதைக் காணலாம். மரப்பட்டையில் படிந்த தூசியும், மட்கிய இலையும், மழை நீரில் கரைந்து வரும் சத்துமே இதற்கு உணவாகின்றன.

புல்லுருவியும் ஆர்க்கிட்டும் ஒன்றல்ல

வாண்டா தெசெலாட்டா என்னும் ஆர்க்கிட் நம் சோழமண்டலக் கரைச் சமவெளிக்கே உரியது. முதிய மரங்களின் கிளைகளில் இது வளரும். மலையாள நாட்டார் இதனை மரவாழை என்பர். வார் போன்ற தடித்த இலைகள் இருபுறமும் வரிசையாக அமைந்து, நடுவே மடிந்து, நுனியில் வெட்டுண்டது போல் இருக்கும். மஞ்சளும் பழுப்பும் கலந்து கட்டம் கட்டமாக வரியிட்ட இதழ்களும், நீலமோ ஊதாவோ தோய்ந்த உதடும், இனிய மணமும் இதன் மலருக்கு உண்டு. வில்லியம் ராக்ஸ்பர்க் என்னும் தாவர அறிஞர் 1795-ஆம் ஆண்டிலேயே சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய தம் நூலில் இதனைப் படத்துடன் விவரித்தார்.

இத்தகைய செடியைக் குடியானவர்கள் மாமரத்திலிருந்து அரிவாளால் அறுத்தெறிவதை நாம் சுற்றுப்பயணங்களின்போது பலமுறை கண்டுள்ளோம். புல்லுருவியை அகற்றும் நல்ல எண்ணத்துடனேயே அவர்கள் அவ்வாறு செய்கின்றனர். இந்தக் குழப்பம் இன்று தோன்றியதன்று. வாண்டா என்ற பெயரே, மரத்தின் மீது வளரும் ஒட்டுண்ணியைக் குறிக்கும் வந்தாகா என்ற வடசொல்லிலிருந்து வந்ததாகும்.

இரண்டையும் வேறுபடுத்தி அறிவது எளிது. புல்லுருவி கிளைவிட்டுப் புதராக வளரும். அது பற்றியுள்ள இடத்தில் மரக்கிளை முடிச்சுப் போல் வீங்கியிருக்கும். அதன் உறிஞ்சு வேர் பட்டையைத் துளைத்து மரத்தினுள் புகுந்து நீரையும் உப்புச் சத்துகளையும் கவரும். நாளடைவில் அக்கிளையின் நுனி காய்ந்துவிடும். ஆர்க்கிட்டின் வேரோ பட்டையின் மேற்புறத்தில் ஒட்டிப் படர்வதன்றி உள்ளே நுழைவதில்லை. வேரை மெல்லப் பெயர்த்துப் பார்த்தால் பட்டையில் துளையோ வீக்கமோ இராது. எனவே புல்லுருவியை அது பற்றிய கிளையோடு வெட்டி அகற்றுவது கடமை. ஆர்க்கிட்டை வெட்டுவது வீண் அழிவு. அரிவாளை ஓங்குமுன் வேரை ஒருமுறை பார்ப்பது போதும்.

புதுச்சேரிக்கும் ஆர்க்கிட்டுக்கும் உள்ள தொடர்பு

புதுச்சேரித் தாவரவியல் தோட்டம் 1826-ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆட்சியினரால் அமைக்கப்பட்டது. 1830-களில் இங்குப் பணியாற்றிய சாமுவேல் பெரோத்தே என்னும் தாவர அறிஞர் நீலகிரி மலையில் ஏராளமான தாவரங்களைச் சேகரித்தார். அவற்றுள் அடங்கிய ஆர்க்கிட்களை ஆராய்ந்து ஆஷில் ரிஷார் என்பார் 1841-இல் பிரான்சு நாட்டில் ஒரு தனி ஆய்வுரையே வெளியிட்டார். பெரோத்தே 1870-இல் புதுச்சேரியிலேயே காலமானார்.

அவருடைய பெயருடன் மற்றோர் ஆர்க்கிட்டும் தொடர்புற்றிருக்கிறது. பனிக்கூழுக்கும் இனிப்புகளுக்கும் மணமூட்டும் வனிலா, ஓர் ஆர்க்கிட் கொடியின் காயிலிருந்தே கிடைக்கிறது. இக்கொடி இன்று ரியூனியன் எனப்படும் பூர்போன் தீவிற்கு 1819-ஆம் ஆண்டையொட்டிக் கொண்டு செல்லப்பட்டபோது, அப்பணியில் பெரோத்தேயும் பங்குகொண்டிருந்தார். புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலிருந்து பின்னாளில் நம் மக்கள் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிச் சென்ற தீவும் அதுவே.

அங்கே கொடி செழித்து வளர்ந்து பூத்தது, ஆனால் காய்க்கவில்லை. அதன் தாயகமான மெக்சிகோவில் மகரந்தச் சேர்க்கை செய்யும் தேனீக்கள் அத்தீவில் இல்லாமையே காரணம். 1841-இல் எட்மண்ட் என்னும் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், மெல்லிய குச்சியால் பூவினுள் உள்ள சிறு மடலை உயர்த்தி, மகரந்தத்தைச் சூல்முடியில் விரலால் அழுத்திக் காய் உண்டாக்கிக் காட்டினான். இன்றும் உலகெங்கும் வனிலா பயிரிடுவோர் பின்பற்றுவது அம்முறையே. அவனால் பெருந்தொழில் ஒன்று வளர்ந்தது. அவனோ 1880-இல் வறுமையிலேயே மாண்டான்.

இவ்வரலாற்றில் நாம் அறிய வேண்டுவது ஒன்று உண்டு. ஆர்க்கிட் தனித்து வாழும் உயிரன்று. பிறந்த இடத்தில் அதற்குத் துணைவர்கள் இருக்கின்றனர். அத்துணையினின்று பிரித்தால், செடி பிழைத்தாலும் அதன் சந்ததி பெருகுவதில்லை.

காட்டிலிருந்து பறிப்பது ஏன் தவறு?

ஆர்க்கிட்டின் ஒரே காயில் தூசி போன்ற விதைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். நெல்லிலும் அவரையிலும் உள்ளது போல் முளைக்குரிய உணவு அவ்விதையினுள் சேமிக்கப்பட்டிருப்பதில்லை. மரப்பட்டையிலோ மண்ணிலோ வாழும் ஒருவகை நுண் பூசணம் துணை நின்று உணவளித்தாலன்றி விதை முளையாது. இவ்வுண்மையை நோயேல் பெர்னார் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1899-இல் கண்டறிந்தார். எனவே ஆயிரக்கணக்கான விதைகளுள் மிகச் சிலவே செடியாகின்றன. அவையும் பூப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஒரு நிமிடத்தில் பறித்த செடிக்கு ஈடு செய்யக் காட்டிற்கு ஆண்டுகள் பல வேண்டும்.

பறித்த செடியாவது நம்மிடம் நிலைத்து வாழ்கிறதா என்றால் அதுவும் அரிது. ஜோசப் ஹூக்கர் என்னும் புகழ்பெற்ற தாவர அறிஞர் 1850-இல் காசி மலைகளில் நீல வாண்டாச் செடிகளை ஏழு ஆட்கள் சுமக்கும் அளவு சேகரித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவற்றுள் உயிரோடு போய்ச் சேர்ந்தவை மிகச் சிலவே. பயிற்சி மிக்க அறிஞருக்கே அவ்வாறாயின், மலைச்சுற்றுலா சென்று கோணிப்பையில் செடியைத் திணித்துக்கொண்டு திரும்புவோரின் முயற்சி எவ்வாறு முடியும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. குளிர்ந்த சோலையில் வளர்ந்த செடி புதுச்சேரியின் சித்திரை வெயிலைத் தாங்காது.

தென்னாட்டிலேயே ஒரு சான்று உண்டு. அகத்தியமலைப் பகுதியில் மட்டும் வளரும் பாபியோபெடிலம் துருரி என்னும் ஆர்க்கிட், செருப்பின் முனை போன்ற மஞ்சள் மலரை உடையது. 1865-இல் கண்டறியப்பட்ட இச்செடியைச் சேகரிப்போர் தேடித் தேடிப் பறித்தமையால், அது இன்று அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இடம் பெற்றிருக்கிறது.

சட்டமும் இதில் தெளிவாக உள்ளது. காப்புக் காட்டிலிருந்து அனுமதியின்றிச் செடியெடுப்பது வனச் சட்டப்படி குற்றம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-இல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம், நீல வாண்டா, செவ்வாண்டா, பாபியோபெடிலம் இனங்கள் ஆகியவற்றைக் காட்டிலிருந்து எடுப்பதும் உரிமமின்றி வளர்ப்பதும் விற்பதும் தடை செய்யப்பட்டன. நாடுகளுக்கிடையே ஆர்க்கிட் குடும்பச் செடிகளைக் கொண்டு செல்வதும் உலக உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. தெருவில் கூவி விற்கப்படும் காட்டுச் செடியை வாங்குவோர், அறியாமலே இக்குற்றத்திற்குத் துணை போகின்றனர். பானையில் பழகாத, அறுபட்ட வேர்களும் பாசி படிந்த பட்டைத் துண்டும் கொண்ட செடி பெரும்பாலும் காட்டிலிருந்து பறித்ததேயாகும்.

இன்று காட்டை நாட வேண்டிய தேவையும் இல்லை. 1922-இல் லூயிஸ் நட்சன் என்னும் அமெரிக்க அறிஞர், சர்க்கரையும் உப்புச் சத்துகளும் கலந்த ஊட்டக் கூழில் பூசணத்தின் துணையின்றியே விதையை முளைக்க வைத்தார். 1960-இல் ஜார்ஜ் மொரேல் என்னும் பிரெஞ்சு அறிஞர், குருத்தின் நுனித் திசுவிலிருந்து ஒரே மாதிரியான கன்றுகளைப் பெருக்கும் வழியைக் காட்டினார். நாற்றங்கால்களில் இன்று கிடைக்கும் கன்றுகள் பெரும்பாலும் இம்முறைகளில் ஆய்வுக்கூடங்களில் உருவானவையே. அவை நோயற்றவை, தொட்டியில் வளர்ந்து பழகியவை.

நமக்கு ஏற்ற இனங்கள்

நம் கடற்கரையின் வெப்பமும் காற்றின் ஈரப்பதமும் சில ஆர்க்கிட்களுக்கு மிகவும் உகந்தவை. நம்மைப் போன்றே வெப்பமுடைய தாய்லாந்தும் சிங்கப்பூரும் ஆர்க்கிட் வளர்ப்பில் சிறந்து விளங்குகின்றன. சிங்கப்பூர் 1981-இல் தன் தேசிய மலராகத் தேர்ந்ததும் வாண்டா வகைக் கலப்பின ஆர்க்கிட் ஒன்றையேயாகும்.

முதன்முதலாக வளர்ப்போர் டெண்ட்ரோபியம் கலப்பினங்களைத் தேர்வது நன்று. கரும்பு போன்ற கணுக்களுடைய தண்டிலிருந்து ஆண்டில் பலமுறை மலர்க்கொத்துகள் தோன்றும். மலர்கள் வாரக்கணக்கில் வாடாமலிருக்கும். அடுத்து வாண்டா, மொக்காரா ஆகியவற்றை வளர்க்கலாம். சிம்பிடியம் என்பது குளிர்ந்த இரவை வேண்டுவது. மலைநாட்டில் பூத்த நிலையில் அதனை வாங்கி வந்தால், மீண்டும் இங்கே பூப்பதை எதிர்பார்க்க இயலாது. பெலனாப்சிஸ் என்னும் பட்டாம்பூச்சி ஆர்க்கிட்டும் மலர்த்தண்டு விடச் சற்றுக் குளிர்ந்த இரவுகளை நாடுவது. ஆகையால் இதனை அனுபவம் பெற்ற பின் முயலலாம்.

வளர்க்கும் முறை

ஆர்க்கிட்டைச் சாதாரண மண்ணில் நடுவதே புதியவர்கள் செய்யும் முதல் தவறு. மண்ணில் காற்றோட்டம் குறைவாதலால் வேர் அழுகிவிடும். பக்கங்களிலும் அடியிலும் துளைகளுள்ள மண்தொட்டியில், ஓட்டாஞ்சில்லும் செங்கல் துண்டுகளும் அடியில் பரப்பி, அதன்மேல் மரக்கரித் துண்டுகளையும் தேங்காய் மட்டைத் துண்டுகளையும் கலந்து நிரப்ப வேண்டும். மட்டைத் துண்டுகளை ஒரு வாரம் நீரில் ஊறவைத்து, நீரை அவ்வப்போது மாற்றி, கறையும் உப்பும் நீங்கிய பின்னரே பயன்படுத்தல் வேண்டும். கன்றை மிக ஆழமாக வைக்காமல் மேலாக வைத்து, ஆடாதிருக்கும்படி ஒரு குச்சியில் கட்டிவிட வேண்டும்.

வாண்டாவுக்குத் தொட்டியும் வேண்டுவதில்லை. மரச்சட்டக் கூடையில் வைத்துத் தொங்கவிடலாம். மா, புங்கம், பூவரசு போன்ற சொரசொரப்பான பட்டையுள்ள மரத்தில் தென்னங்கயிற்றால் கட்டியும் வளர்க்கலாம். மழைக்காலத் தொடக்கத்தில் கட்டினால் புது வேர்கள் விரைவில் பட்டையைப் பற்றும். வேர் நன்றாகப் பற்றிய பிறகு கயிற்றை அகற்றிவிடலாம்.

ஒளி மிகுந்தாலும் தீது, குறைந்தாலும் தீது. டெண்ட்ரோபியத்திற்குப் பாதி வெயில் போதும். ஐம்பது சதவீத நிழல்வலையின் கீழோ, காலை வெயில் படும் கிழக்குத் திண்ணையிலோ வைக்கலாம். இலை கரும்பச்சையாகித் தண்டு நீண்டு தளர்ந்தால் ஒளி போதவில்லை என்றும், இலை மஞ்சளித்துக் கருகினால் வெயில் மிகுந்தது என்றும் கொள்ளலாம். பங்குனி முதல் ஆனி வரை நடுப்பகல் வெயில் நேராகப் படாதவாறு காத்தல் வேண்டும்.

நீரைக் காலையில் ஊற்றுவதே சிறந்தது. இரவு வருமுன் இலையிடுக்கும் குருத்தும் உலர்ந்திருக்க வேண்டும். கோடையில் தொட்டிச் செடிக்கு நாளொன்றுக்கு ஒரு முறையும், தொங்கும் வாண்டாவுக்கு இருமுறையும் நீர் தேவைப்படலாம். மழைக்காலத்தில் மட்டைத் துண்டுகள் உலர்ந்ததைக் கண்ட பின்னரே ஊற்ற வேண்டும். இங்கே நம் பகுதிக்குரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. கடலோரக் கிராமங்களின் ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றில் நீர் உப்பாக இருக்கிறது. உப்பு நீர் வேரின் நுனியைக் கருக்கிவிடும். நமக்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிறது. அக்காலத்தில் கூரை நீரைத் தொட்டியில் சேமித்து வைத்தால், சில செடிகளுக்குக் கோடையிலும் அந்நீரே உதவும்.

உரத்தை மிகக் குறைவாகவும் அடிக்கடியும் அளிக்க வேண்டும். தழை, மணி, சாம்பல் ஆகிய மூன்று சத்துகளும் சம அளவில் கலந்த, நீரில் கரையும் உரத்தை ஒரு லிட்டர் நீருக்கு ஒரு கிராம் வீதம் கரைத்து வாரம் ஒருமுறை தெளிக்கலாம். மாதம் ஒருமுறை தூய நீரை மட்டும் நிறைய ஊற்றித் தொட்டியில் படிந்த உப்பைக் கழுவிவிட வேண்டும். மட்டைத் துண்டுகள் மட்கிப் பொடியானதும், அதாவது இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, செடியைப் புதிய தொட்டிக்கு மாற்றி, மூன்று நான்கு தண்டுகள் கொண்ட பகுதிகளாகப் பிரித்து நடலாம். இவ்வாறு ஒரு செடி பலவாகப் பெருகும். அண்டை வீட்டாருக்கும் கொடுக்கலாம். சேகரிப்பைப் பெருக்க விரும்புவோர்க்கு இதுவே தக்க வழி. செடிதோறும் பெயரும் நட்ட நாளும் பூத்த மாதமும் எழுதிய குறிப்பேடு ஒன்று வைத்திருப்பதும் பயன் தரும்.

நத்தையும், செதில் பூச்சியும், இலைப்பேனும் இச்செடியின் பகைகள். நத்தையை இரவில் விளக்கு வைத்துப் பொறுக்கலாம். செதில் பூச்சியை ஈரத் துணியால் துடைக்கலாம். மழைக்காலத்தில் குருத்தழுகல் தோன்றினால், அழுகிய பகுதியைத் தூய கத்தியால் அரிந்து, செடியைத் தனியே காற்றோட்டமான இடத்தில் வைத்தல் வேண்டும்.

வருவாயைப் பற்றி

மகளிர் குழுக்கள் ஆர்க்கிட் வளர்ப்பைத் தொழிலாக மேற்கொள்ளலாமா என்ற கேள்வி எழுகிறது. மேற்கொள்ளலாம்; ஆனால் படிப்படியாகவே முன்னேற வேண்டும். ஆய்வுக்கூடக் குடுவையிலிருந்து எடுத்த இளங்கன்று பூப்பதற்கு இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை வருவாய் இராது. நிழல்வலைக் குடிலுக்கும் நல்ல நீருக்கும் செலவுண்டு. சந்தையிலோ தாய்லாந்திலிருந்து வரும் மலர்களோடு போட்டியிட வேண்டும்.

விலை ஏறியிருக்கும் காலத்தில் கடன் வாங்கி இறங்கினால் என்ன நேரும் என்பதற்கு வனிலாவே சான்றாகும். 2000-ஆம் ஆண்டுக்குப் பின் உலகச் சந்தையில் வனிலாவின் விலை வானளாவ உயர்ந்தது. கேரளத்திலும் கருநாடகத்திலும் விவசாயிகள் பலர் அதனை நட்டனர். கொடி காய்த்து வந்த 2004-ஆம் ஆண்டையொட்டி விலை சரிந்தது. நட்டமடைந்தோர் கொடிகளைப் பிடுங்கி எறிந்தனர். எனவே பத்துத் தொட்டிகளில் தொடங்கி, இரண்டு கோடையும் இரண்டு மழைக்காலமும் செடிகளைக் காத்துப் பழகிய பின்னரே விரிவாக்கத்தைப் பற்றி எண்ணுதல் நன்று. அருகிலுள்ள உழவர் உதவியகத்திலும், குரும்பாப்பேட்டையிலுள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை பெற்றுத் தொடங்குவது நலம்.

புயலுக்குப் பின் செய்ய வேண்டுவது

பஞ்சாயத்துகள் ஆற்றக்கூடிய பெரும்பணி ஒன்று உண்டு. நம் ஊர் ஆர்க்கிட்கள் முதிய மரங்களையே சார்ந்து வாழ்கின்றன. மரம் விழுந்தால் அவையும் வீழ்கின்றன. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோது எண்ணற்ற மரங்கள் வேரோடு சாய்ந்தன. 2024 நவம்பர் 30-ஆம் நாள் பெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்து, ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. சாய்ந்த மரத்தை அறுத்து விறகாக்கும்போது அதிலுள்ள ஆர்க்கிட்டை எவரும் பொருட்படுத்துவதில்லை. தரையில் கிடந்து, மண் படிந்து, சில வாரங்களில் அது அழுகிவிடுகிறது.

அச்செடியைக் காப்பதற்குப் பணச்செலவு சிறிதும் இல்லை. தம் சொந்த நிலத்தில் மரம் விழுந்தால், வேர்களைச் சேதமின்றிப் பெயர்த்து, அல்லது பட்டைத் துண்டோடு அறுத்தெடுத்து, நிற்கும் வேறொரு மரத்தில் முன்பு இருந்த அளவு வெளிச்சத்திலேயே கட்டிவிட வேண்டும். சாலையோரத்திலும் புறம்போக்கிலும் உள்ள மரமாயின் பஞ்சாயத்தின் இசைவும், வனத்துறைக்குரிய இடமாயின் அத்துறையின் அனுமதியும் பெற்றே இதனைச் செய்தல் வேண்டும். கோயிற்காட்டு மரத்துச் செடியை அக்காட்டிலேயே மற்றொரு மரத்திற்கு மாற்றுவதே முறை. ஊர்ச் சொத்தான செடி ஊரிலேயே இருக்கட்டும். நம் வீட்டுத் தொட்டிக்கு நாற்றங்கால் கன்று இருக்கிறது.

2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி, உள்ளாட்சி அமைப்பு ஒவ்வொன்றும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். ஆர்க்கிட் வளரும் மரங்கள் நம் ஊரில் எவை, எத்தெருவில், எக்குளக்கரையில் நிற்கின்றன என்பதைப் பள்ளி மாணவர்களைக் கொண்டு கணக்கெடுத்து அப்பதிவேட்டில் சேர்க்கலாம். சாலை விரிவுக்காக மரம் வெட்ட நேரும்போது, கோடரி விழுமுன் செடியை மாற்ற இப்பதிவு துணைபுரியும்.

வீட்டில் வளர்க்கும் செடியை நாற்றங்காலிலிருந்து வாங்குவோம். காட்டில் வளரும் செடியைக் காட்டிலேயே விட்டுவைப்போம். நம் மரங்களிலுள்ள செடியைப் புல்லுருவி என்று எண்ணி வெட்டாது காப்போம். அடுத்த மழைக்காலம் தொடங்குமுன் ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் ஊர் முதிய மரங்களை ஒருமுறை அண்ணாந்து பார்த்து, அவற்றில் வாழும் ஆர்க்கிட்களைப் பதிவேட்டில் ஏற்றிவிடுமாயின், அதுவே இத்துறையில் சிறந்த தொடக்கமாகும்.